வசந்தாமணிக்கு இல்லாத இழுப்பு

அந்த ஓரம் ஆடுமுங்க தம்பி, இப்படித் தள்ளி உக்காருங்க. இந்தப் பாதாம் மரத்து நிழல் பத்து மணி வரைக்கும் இங்க இருக்கும். அப்புறம் பெஞ்சோட அந்தக் கோடிக்குப் போயிரும், நாமளும் நகர்ந்துக்கலாம்.

உங்க சம்சாரமும் இந்த போட்லதான் போறாங்களா? பாத்தேன், நீங்க கை காட்டிட்டே நின்னீங்க, அவங்க திரும்பிப் பாக்கல. அதுக்கெல்லாம் வெசனப்படாதீங்க. அந்த நேரத்துல யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. அவங்க நெனப்பு பூரா கடலுக்குள்ள முங்கறதுக்குப் போடற அந்த மாஸ்க்குல இருக்கும். கண்ணாடிக்குள்ள எச்சில் துப்பித் தேய்க்கணும், இல்லீன்னா ஆவி படிஞ்சு ஒண்ணும் தெரியாதாம். கல்யாணமான புதுசுல என் டம்ளர்ல கூடத் தண்ணி குடிக்க மாட்டா எங்கூட்டுக்காரி. இங்க வந்து கண்ணாடியில எச்சில் துப்பிட்டிருக்கா.

எனக்கு இன்னிக்கு நாலாவது நாளுங்க. என் பேரு நாச்சிமுத்து. கோபிச்செட்டிபாளையத்துல மோட்டார் காயில் கட்டற கடை வெச்சிருக்கேன். ஆயிரம் அடி போர்ல இறங்கற மோட்டார் எல்லாம் என் கைக்கு வந்துட்டுத்தான் கீழ இறங்கும். அதனால தண்ணி எனக்குப் புதுசில்லீங்க. அதைச் சொல்லிக்கறேன்.

கரையில இருந்துட்டு என்னங்க பண்றதுன்னு கேட்டீங்க. நெறைய இருக்குதுங்க. ஸ்கூட்டி வாடகைக்கு எடுத்துக்கலாம். மூணாம் நம்பர் பஜார்ல வங்காளிக் கடையில டீயும் சிங்காராவும் சாப்பிடலாம், நம்ம சமோசாதான், உள்ள வேர்க்கடலை போட்டிருப்பாங்க. காட்டு வழியில நடக்கலாம். ஏழாம் நம்பர் பீச்சுல உக்காந்து சூரியன் இறங்கறதைப் பாக்கலாம். இங்க ஊருக்கும் பீச்சுக்கும் எல்லாம் நம்பர்தானுங்க, எனக்கு அது சௌகரியமா இருக்குது. எல்லாம் பண்ணலாம். நான் பண்ணுன ஒண்ணை மட்டும் நீங்க பண்ணீராதீங்க. சொல்றேன். போட் வர மத்தியானம் ஆயிரும், வேற என்ன வேலை நமக்கு.

எங்கூட்டுக்காரி வசந்தாமணி போஸ்டாபீஸ்ல இருக்கா. சப் போஸ்ட்மாஸ்டர். கவர்மென்ட் டிக்கெட் காசு குடுக்கற எல்.டி.சி.யில அந்தமான் போகலாம்னு பத்து வருசமாச் சொல்லிட்டிருந்தா, இந்த வருசம்தான் எனக்குக் கடையை விட்டுட்டு வர முடிஞ்சுது. பெங்களூர்ல இருக்கற எங்க பொண்ணு, 'ரெண்டு பேரும் டைவிங் கத்துக்கிட்டு வாங்க'ன்னு சொல்லி அவளே இந்த டைவிங் கடையில பேரைப் பதிஞ்சுட்டா. மூணு நாள் பாடம். எனக்கு ஒரே குஷி. வசந்தாதான் 'நீங்க பண்ணுங்க, நான் கரையில உக்காந்து பாத்துக்கறேன்'னா. கேட்டுக்குங்க, கரையில உக்காரறேன்னு சொன்னது அவ.

திங்கக்கிழமை காலையில ரெண்டு பேரையும் இடுப்பளவுத் தண்ணியில நிறுத்தினாங்க. சொல்லிக்கொடுத்தது ஜெசிந்தான்னு ஒரு பொண்ணு. போர்ட் பிளேர்ல பொறந்து வளந்த தமிழ்ப் பொண்ணு, பேச்சுல பாதி ஹிந்தி வரும். 'அங்கிள், வாயில மூச்சு விடுங்க, அவ்ளோதான்'னு சொல்லி என் தலையை முக்குச்சு. எனக்குக் காதுல ஒரு வலி வந்துச்சு பாருங்க. சாதாரண வலி இல்ல. வெளிய வந்துட்டேன். மறுபடி முக்குனா மறுபடி வலி. ஜெசிந்தா 'அங்கிள், இடுப்பளவுல காது வலிக்காது'ன்னு சொல்லுது. என் காது எனக்குத் தெரியாதுங்களா? வேண்டாம்மா, நான் கரையில இருக்கேன்னு வந்துட்டேன்.

திரும்பிப் பாத்தா வசந்தாவைக் காணோம். தண்ணிக்கு மேல வெறும் குமிழிதான் வருது. பயந்துட்டேன். பாத்தா அம்மிணி அடியில மண்டி போட்டு உக்காந்திருக்கா, கோயில்ல உக்காந்த மாதிரி. அவ பொறந்த ஊர்ல கெணத்துல குதிச்சு வளந்தவ, அதை நான் மறந்தே போயிட்டேன். கல்யாணமாகி இருபத்தொம்பது வருசம். அவ நீந்தி நான் பாத்ததே இல்லீங்க.

செவ்வாக்கிழமை போட்ல ஏறிப் போயிட்டா. நான் ஸ்கூட்டி எடுத்துட்டு ஊரைச் சுத்தினேன். நல்லாத்தான் இருந்துச்சு. டீக்கடையில உக்காந்தேன், காட்டுக்குள்ள நடந்தேன், சாயங்காலம் ஏழாம் நம்பருக்குப் போனேன். தம்பி, அந்தச் சூரியன் இறங்குச்சு பாருங்க. கடல் பூரா தாமிரத் தகடு மாதிரி ஆயிருச்சு. பக்கத்துல திரும்பி 'பாரு'ன்னு சொன்னேன். பக்கத்துல யாருன்னா, ஒரு வடநாட்டுக் குடும்பம். அந்தாளு என்னை ஒரு மாதிரி பாத்துட்டு, அவங்களைப் போட்டோ எடுக்கச் சொல்றேன்னு நெனச்சு செல்போனை என் கையில குடுத்துட்டாரு. ஆறு போட்டோ எடுத்துக் குடுத்துட்டு வந்தேன்.

ரூமுக்கு வந்தா அவ ஒரே பேச்சு. ஆமை பாத்தாளாம், பெரிய தாம்பாளம் அளவு ஓடு. ஒரு மீனு பச்சையும் ஊதாவுமா, பவளப்பாறையைக் கடிச்சுத் திங்குமாம், கடிக்கற சத்தம் தண்ணிக்குள்ள கேக்குமாம். சாப்பிடற எடத்துல அந்த போட்ல வந்தவங்கெல்லாம் ஒண்ணா உக்காந்துட்டாங்க. புனேக்காரப் பையன் ஒருத்தன், கேரளாவுல இருந்து ஒரு நர்ஸம்மா. எல்லாரும் ஹிந்தியில பேசிச் சிரிக்கறாங்க. வசந்தா டிபார்ட்மென்ட்ல ஹிந்திப் பரீட்சை எழுதி பாஸ் பண்ணவ. நான் சோறு தின்னுட்டு உக்காந்திருந்தேன். நானும் பாத்தேன் ஒரு சூரியன்னு சொல்றதுக்கு எடமே கெடைக்கல. எடையில ஒரு தடவை 'ஏழாம் நம்பர்ல'ன்னு ஆரம்பிச்சேன். 'ஒரு நிமிசம் இருங்க'ன்னா. அந்த நிமிசம் முடியவே இல்ல.

நான் பொறாமைப்படற ஆள் இல்லீங்க. அதைச் சொல்லிக்கறேன்.

சாப்பிட்டு முடிச்சுக் கை கழுவப் போனப்ப ஜெசிந்தா தனியா காத்தடைச்ச சிலிண்டர் அடுக்கிட்டு இருந்துச்சு. நான் சும்மா பேச்சுக்குப் பேச்சாச் சொன்னேன். 'ஏம்மா, ஆன்ட்டிக்குச் சின்ன வயசுல இழுப்பு இருந்துச்சு. அதெல்லாம் உங்க ஃபாரத்துல எழுதினாளா?' அவ்வளவுதானுங்க. அந்தப் பொண்ணு கையில இருந்த சிலிண்டரைக் கீழ வெச்சுட்டு நின்னுருச்சு. 'வீசிங்கா அங்கிள்? நிஜமாவா?' ஆமாங்கிற மாதிரி தலையாட்டினேன்.

நிஜமாவான்னு கேட்டீங்கன்னா... மாமியார் எப்பவோ சொன்ன மாதிரி ஒரு ஞாபகம். இருமல்னு சொன்னாங்களோ என்னவோ. அவங்க செத்து எட்டு வருசம் ஆச்சு.

மறுநாள் புதன்கிழமை காலையில வசந்தா அஞ்சு மணிக்கே எந்திரிச்சுத் தயாராயிட்டா. அன்னிக்குத்தான் கடைசிப் பாடம், ஆழத்துக்குக் கூட்டிட்டுப் போவாங்க. இங்க வந்து நின்னா, ஜெசிந்தா அவளைத் தனியாக் கூப்பிட்டுச்சு. 'ஆன்ட்டி, உங்களுக்குச் சின்ன வயசுல வீசிங் இருந்துச்சாமே. டாக்டர் கையெழுத்து இல்லாம நான் இனிமே கூட்டிட்டுப் போக முடியாது. கீழ மூச்சு அடைச்சா மேல வரதுக்குள்ள ஆபத்து.'

வசந்தா என்னைப் பாத்தா. 'எனக்கா? எனக்கு எப்பங்க இழுப்பு?'

'உங்கம்மாதான் சொன்னாங்க. உனக்கு ஞாபகம் இருக்காது, கைக்குழந்தை அப்ப'ன்னேன். எங்கிருந்து வந்துச்சோ அந்தக் கைக்குழந்தை, அதுவா வாயில வந்துருச்சு.

அவ சண்டை போடுவான்னு நெனச்சேன். போடல. அவங்கண்ணனுக்குப் போன் போட்டுப் பாத்தா, டவர் இல்ல. போட் கெளம்பிருச்சு. புனேக்காரப் பையன் 'ஆன்ட்டி, ஆன்ட்டி'ன்னு கை காட்டினான். இவளும் கை காட்டினா. டாக்டர் நாலு மணிக்கு மேலதான் பாப்பாருன்னு சொன்னாங்க.

எனக்கென்னங்க, மனசுக்குள்ள சந்தோசம்தான். ஒரு முழு நாள். வா, உனக்கு ஊர் காட்டறேன்னு ஸ்கூட்டியில ஏத்தினேன். ஊரை நான் முன்னாடியே சுத்தி வெச்சிருந்தது எவ்வளவு நல்லதாப் போச்சு பாருங்க. டீக்கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். சிங்காரா வாங்கிக் குடுத்தேன். இது இந்த மரம், இது அந்தக் கோயில்னு சொல்லிட்டே ஓட்டறேன். பின்னால இருந்து 'ம்'ங்கறா. அந்த 'ம்' எனக்குப் போதுமானதா இருந்துச்சு.

ஏழாம் நம்பருக்குப் போய்ச் சேந்தமுங்க. பத்து மணி இருக்கும், பீச்சுல ஆளே இல்ல. மரத்தடியில அவளை உக்கார வெச்சுட்டு எளநி வாங்கப் போனேன். ரெண்டு எளநியோட திரும்பி வரேன், அவ எனக்கு முதுகு காட்டி நின்னுட்டு இருக்கா. ஒரு கையை நெஞ்சு மேல வெச்சிருக்கா. மூச்சை இழுக்கறா, விரல்ல எண்ணறா, விடறா. மறுபடி இழுக்கறா. கொஞ்ச நேரம் பாத்துட்டு 'என்ன பண்ற?'ன்னேன்.

'இல்லீங்க, பெருமூச்சு விட்டா உள்ள ஏதோ தடுக்கற மாதிரி இருக்குது. நேத்துக்கூட போட்ல ஏறும்போது எனக்குத்தான் அதிகமா மூச்சு வாங்குச்சு. வயசுன்னு நெனச்சேன். இழுப்புத்தான் போல. காது வெச்சுக் கேளுங்க, சத்தம் வருதா?'

காது வெச்சுக் கேளுங்கறா தம்பி. எளநி ரெண்டு கையிலயும் இருக்குது எனக்கு. அவ முகத்தைப் பாக்கறேன். முப்பது வருசமா அந்த போஸ்டாபீஸ் ஜன்னலுக்குள்ள உக்காந்து ஊருக்கே பதில் சொன்னவ. எங்கப்பா படுத்த படுக்கையாக் கெடந்தப்ப தனியாத் தூக்கி உக்கார வெச்சவ. ஒரு நாளும் எனக்கு முடியலைன்னு சொன்னதில்ல. அவ பயந்து நான் பாத்ததே இல்லீங்க. அன்னிக்குப் பயந்திருந்தா. நான் ஒரு வார்த்தை சொன்னேன், அதை நம்பி நல்லா இருக்கற நெஞ்சைப் புடிச்சுட்டு நிக்கறா.

'வசந்தா, உனக்கு இழுப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஜெசிந்தாகிட்ட நான்தான் சொன்னேன். உங்கம்மா அப்படி எதுவும் சொல்லல'ன்னேன்.

'எதுக்கு?'

'சும்மா'ன்னேன்.

சும்மான்னு சொன்னதுதான் தப்பாப் போச்சுன்னு நெனைக்கறேன். வேற ஏதாவது சொல்லியிருக்கலாம். என் சட்டைப் பையில கையை விட்டு ஸ்கூட்டி சாவியை எடுத்தா. எங்கையில ரெண்டு எளநி, தடுக்கக்கூட முடியல. விறுவிறுன்னு நடந்து போனா, வண்டியை எடுத்தா, போயிட்டா. ஆபீசுக்கு தெனமும் ஸ்கூட்டியில போறவ, என்னைவிட நல்லா ஓட்டுவா. அங்கிருந்து ரூமுக்குப் பன்னண்டு கிலோமீட்டருங்க.

ரெண்டு எளநியையும் நானே குடிச்சேன். வேற என்ன பண்றது. அப்புறம் பஸ்ஸுக்காக ஒன்றரை மணி நேரம் நின்னேன். யோசிக்கறதுக்கு அவ்வளவு நேரம் எனக்கு இதுவரைக்கும் யாரும் குடுத்ததில்ல. கடையில இருந்தா எவனாவது ஒருத்தன் எரிஞ்ச மோட்டாரைத் தூக்கிட்டு வந்துருவான். இங்க ஒருத்தனும் வரல. ஒரு கன்னுக்குட்டி நடுரோட்டுல படுத்திருந்துச்சு. அதும் நானும்தான்.

வந்து பாத்தா இந்த பெஞ்சுல உக்காந்திருக்கா. ஜெசிந்தா பக்கத்துல நிக்குது. அந்தப் பொண்ணு என்னைப் பாக்கவே இல்ல, தரையைப் பாத்துட்டே சொல்லுச்சு, 'அங்கிள், நீங்க இப்ப இல்லைன்னு சொன்னாலும் நான் கூட்டிட்டுப் போக முடியாது. ஒரு தடவை சொல்லிட்டீங்க. டாக்டர் பாத்து எழுதித் தரணும். நாளைக்குக் காலையில ஒரு போட் போகுது. சனிக்கிழமை உங்களுக்கு ப்ளைட். டைவ் பண்ணிட்டு ஒரு நாள் முழுசாத் தரையில இருக்காம ப்ளைட் ஏறக் கூடாது. அதனால நாளைக்கு விட்டா அவ்ளோதான்.'

வசந்தா எந்திரிச்சு வண்டிகிட்டப் போனா. 'ஏறுங்க'ன்னா. எங்கேன்னேன். 'டாக்டர்கிட்ட. நீங்க சொன்னதை நீங்களே வந்து மாத்திச் சொல்லுங்க.'

டாக்டர் சின்ன வயசு வங்காளி. தமிழ் தெரியாது, எனக்கு ஹிந்தி தெரியாது. இங்கிலீஷ்ல மோட்டார் பத்திக் கேட்டா நாலு வார்த்தை சொல்லுவேன், இதைச் சொல்ல வராது. அப்புறம் என்ன, நான் சொல்லணும், வசந்தா அதை ஹிந்தியில சொல்லணும். இப்படியொரு நெலமை யாருக்கும் வரக்கூடாதுங்க. வெளிய பத்துப் பேர் ஊசி போட உக்காந்திருக்காங்க, கதவு தெறந்தே கெடக்குது.

'சொல்லுங்க'ன்னா.

'அவ நல்லதுக்குத்தான் டாக்டர் சொன்னேன். கடலுக்குள்ள போறா, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருச்சுன்னா'ன்னு ஆரம்பிச்சேன்.

அவ வாயைத் தெறக்கல. டாக்டர் அவளைப் பாக்கறாரு. 'இதை நான் சொல்ல மாட்டேனுங்க. நடந்ததைச் சொல்லுங்க'ங்கறா.

'ஞாபகப் பிசகு. மாமியார் வேற யாரைப் பத்தியோ சொன்னது'ன்னேன்.

'இதையும் சொல்ல மாட்டேன்.'

டாக்டர் பேனாவைக் கையில வெச்சுட்டு எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாக்கறாரு. எனக்கு வேர்த்துக் கொட்டுது. மேல ஃபேன் ஓடுது, அதுல பேரிங் போயிருக்கு, சத்தம் கேட்டதுமே தெரிஞ்சுது எனக்கு. அந்தச் சத்தத்தைக் கேட்டுட்டே சொன்னேன். 'அவ இல்லாம தனியாச் சுத்த முடியல டாக்டர். எதைப் பாத்தாலும் சொல்றதுக்கு ஆள் இல்ல. ஒரு நாள் எங்கூட இருக்கட்டும்னு பொய் சொன்னேன்.'

வசந்தா மேசையைப் பாத்துட்டு இருந்தா. மறுபடியும் சொல்ல மாட்டேன்னு சொல்லப் போறான்னுதான் நெனச்சேன். அப்புறம் ஹிந்தியில சொன்னா. நான் சொன்னது மூணே வரி. அவ சொன்னது நீளமா இருந்துச்சு. நடுவுல ரெண்டு தடவை நிறுத்தினா. டாக்டர் பேனாவைக் கீழ வெச்சுட்டு என்னைப் பாத்து ஏதோ கேட்டாரு. அவளே பதில் சொல்லிட்டா. என்ன சொன்னேன்னு வெளிய வந்து கேட்டேன். 'நீங்க சொன்னதைத்தான் சொன்னேன்'ங்கறா. மூணு வரி எப்படிங்க அவ்வளவு நீளும்? ஹிந்தியே அப்படியொரு பாஷை போலிருக்கு.

டாக்டர் அவ நெஞ்சு, முதுகுல எல்லாம் ஸ்டெதஸ்கோப் வெச்சுப் பாத்தாரு. ஒரு குழாயில ஊதச் சொன்னாரு. படியில நாலு தடவை ஏறி எறங்கச் சொன்னாரு. சரியா இருக்குன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாரு. அதை அவ மடிக்கவே இல்ல, ரெண்டு கையிலயும் புடிச்சுட்டு வந்தா. அப்புறம் கைப்பைக்குள்ள வெச்சு ஜிப்பை மூடினா.

வெளிய வந்ததும் வண்டியை அவளே எடுத்தா. நான் பின்னால உக்காந்தேன். வெயில் தாழ்ந்துருச்சு. இங்க அஞ்சு மணிக்கே பொழுது சாயற மாதிரி ஆயிருதுங்க. மூணாம் நம்பர் பஜாரைத் தாண்டற வரைக்கும் அவ முதுகைப் பாத்துட்டே வந்தேன். அப்புறம் முன்னால இருந்தே கேட்டா.

'நேத்து எங்கெங்க போனீங்க?'

'காலையில காட்டினேனே.'

'காலையில நான் கேக்கல. இப்பச் சொல்லுங்க.'

சொன்னேன் தம்பி. ஆரம்பத்துல மெதுவாத்தான் சொன்னேன், கோவமா இருக்காளோன்னு. எனக்குச் சர்க்கரை வேண்டாம்னு நான் சொன்னதை டீக்கடைக்காரரு எப்படிப் புரிஞ்சுக்கிட்டு ரெண்டு ஸ்பூன் சேத்துப் போட்டாருன்னு சொன்னேன், அவ முதுகு குலுங்குச்சு. சிரிக்கறா. அப்புறம் எனக்குப் பேச்சு நிக்கல. காட்டுல ஒரு மரத்தோட வேரு சுவரு மாதிரி ஆள் உசரத்துக்கு நின்னதைச் சொன்னேன். வடநாட்டுக்காரரு செல்போன் குடுத்ததைச் சொன்னேன். அந்தச் சூரியனைச் சொன்னேன். தாமிரத் தகடு மாதிரின்னு சொன்னதும் 'புதுத் தகடா, பழைய தகடா?'ன்னு கேட்டா. பாருங்க, அப்படிக் கேக்கணும் ஒருத்தரு. புதுசுன்னேன், இப்பத்தான் பாலீஷ் போட்டதுன்னேன்.

சொல்லிட்டே வரும்போது பாக்கறேன், எங்க ரூமுக்குத் திரும்பற எடம் போயிருச்சு. அஞ்சாம் நம்பர்ல ஒரு வளைவு, தென்னந்தோப்பு ஓரத்துல பலகை இருக்கும், அதைத் தாண்டிட்டா. 'ஏ, வழி போச்சு, திருப்பு'ன்னேன்.

'தெரியுமுங்க. நீங்க சொல்லுங்க.'

சரின்னு நானும் சொல்லிட்டே வந்தேன். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் காடு. எதிர்ல ஒரு வண்டி வரல. மெதுவா இருபதுலதான் ஓட்டறா, பெட்ரோல்தான் வீணாகுது. கடைசியில ரோடே முடிஞ்சு போச்சுங்க. தார் நின்னுருச்சு, அதுக்கு மேல மண்ணும் மரமும்தான். அங்க வண்டியை நிறுத்திட்டு, திரும்பாம அப்படியே உக்காந்திருந்தா. நான் கன்னுக்குட்டி வரைக்கும் சொல்லி முடிச்சேன். அதுக்கப்புறம்தான் வண்டியைத் திருப்பினா.

அதோ போட் வருது பாருங்க, வெள்ளையா. இல்ல, அது வேற போட். நம்மளுது வர நேரமிருக்கு.

காலையில போகும்போதுகூட அவகிட்டக் கேட்டேன். 'நேத்து வழி தப்பிட்டதானே, ஒத்துக்கோ'ன்னு. இவ்வளவு நல்லா வண்டி ஓட்டறவ, ஒரே ஒரு ரோடு இருக்கற தீவுல ரூமை விட்டுட்டு எட்டு கிலோமீட்டர் சும்மா போயிட்டு வந்திருக்கா. சிரிக்கறாளே தவிர, இன்னும் ஒத்துக்க மாட்டேங்கறா.